கீமோ காலத்தில் கல்லுமலை தரிசனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் ஒரு வீட்டில் "புற்றுநோய் முத்திப்போச்சு" என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்று மாலையே இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் தோட்டத்து மாரியம்மனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். இன்னொருவர் ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொள்வார். இரண்டும் நல்லதுதான். அந்த நேர்த்திக்கடனை நோயாளியே சுமந்து தீர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும்போதுதான் வம்பு. பால்குடத்தை மகன் எடுக்கலாம், மருமகள் எடுக்கலாம். நோயாளி வந்து கும்பிட்டால் போதும்.

நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன் கீமோ (புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் சிகிச்சை) அட்டவணையைத் திறக்க வேண்டும். 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏறுகிறதென்றால், ஏறிய நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள். முதல் 5 நாள் குமட்டலும் அசதியுமாகப் போகும். ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். இந்த நாட்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குமட்டல் நின்றிருக்கும், ஆள் தெளிவாக உட்கார்ந்து சாப்பிடுவார், "கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா?" என்று அவரே கேட்பார். அப்போது கூட்டத்தில் யாரோ இருமினால்கூட ஆபத்து. அடுத்த மருந்துக்கு முந்திய நாலைந்து நாள்தான் பொதுவாகத் தோதானவை. வாராவாரம் மருந்து ஏறுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கீமோ ஏற்றும் டேகேர் பிரிவு நர்ஸிடம் கேட்டு, கடைசி ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். தைப்பூசம், கிருத்திகை, வெள்ளிக்கிழமை எதுவும் வேண்டாம். சாதாரணப் புதன்கிழமை காலையிலும் அங்கே இருப்பது அதே முருகன்தான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் வலி. எலும்புக்குப் பரவிய நோய் என்றால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள். வலிக்கும்போது குடிக்கச் சொல்லி மார்ஃபின் (morphine) என்ற வலிமருந்துத் திரவம் கொடுத்திருந்தால், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு டாக்டர் சொன்ன அளவைக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் மலத்தைக் கட்டும், ஆகவே மலமிளக்கி மருந்தை விட்டுவிடக் கூடாது. திடீரென்று கால் பலமிழந்தாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, கோயிலை மறந்துவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் தாமதித்தால் காலின் பலம் திரும்பாமலே போகலாம்.

சன்னதியில் செருப்பில்லாமல் நிற்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளில் பாதம் மரத்துப்போகும்; வெயிலில் காய்ந்த தரை சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ உள்ளங்கால் சிவந்து உரியும். சுத்தமான காலுறை போட்டுக்கொள்ளலாமா என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லும்போது குருக்கள் அக்கறையாகத்தான் கேட்பார்: "என்னம்மா, உடம்புக்கு என்ன?" வீட்டில் நோயை மறைத்து வைத்திருந்தால் அந்த இடத்தில் எல்லோர் முகமும் மாறும். நோயாளிக்கு அந்த ஒன்றே போதும், புரிந்துவிடும். மறைப்பதால் பெரிய பயன் இல்லை. வார்டு வாசலில் 'ஓன்கொலொஜி' (புற்றுநோய்ப் பிரிவு) என்று எழுதியிருப்பதை அவரும் படிப்பார். இன்னும் சொல்லவில்லையென்றால், ஒருவர் முன்னே போய், எதுவும் கேட்க வேண்டாமென்று குருக்களிடம் தனியாகச் சொல்லிவிடட்டும்.

தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், குடிக்க வேண்டாம். அபிஷேகப் பால் காய்ச்சாதது, பல கை பட்டது. பஞ்சாமிர்தம் திறந்த அண்டாவில் மணிக்கணக்கில் இருக்கும். மேலும் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும், தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு ஏற்கெனவே இனிப்புநீர். தோல் உரிக்காத ஒரு வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் கழுவி உரித்துக் கொடுங்கள். அன்னதானத்தில் ஆவி பறக்கிற சோறும் சாம்பாரும் சரி, பச்சைக் காய்கறியும் ஆறிய தயிர்ச்சோறும் வேண்டாம்.

காப்புக் கயிறு கட்டும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மார்பில் அறுவை செய்து அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் கட்டக் கூடாது. கை வீங்கும்போது கயிறு இறுக்கும். மருந்து ஏற்றும் குழாய் இருக்கிற கையும் வேண்டாம், நனைந்த கயிறு அழுக்கைச் சேர்க்கும். கதிர்வீச்சுக்குத் தோலில் போட்ட கோடுகளின் மேல் சந்தனமோ எண்ணெயோ தடவி அழித்துவிட்டால், சிகிச்சை அறையில் மறுபடி அளவெடுத்துப் போட வேண்டியிருக்கும்.

மொட்டை வேண்டுதல் இருந்தால் சவரக் கத்தி வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்த உடம்பில் சின்னக் கீறல்கூட நிற்காமல் ரத்தம் கசியும். மின் டிரிம்மரில் ஒட்ட வெட்டினாலே நேர்ந்தது நிறைவேறியதாகக் குருக்கள்மார் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். விரதமும் அப்படித்தான். நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது. சைவம்தான் வேண்டுமென்றால் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தவ்ஹூ (சோயாப்பால் கட்டி), பருப்பு, காய்ச்சிய பால் எல்லாம் உண்டு. 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளில் 50 முதல் 75 கிராம் புரதம் தேவை, 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் கிடைக்கும்.

திரும்பும் வழியில் தம்பூன் பொமெலோ (பம்பளிமாஸ் பழம்) வாங்கிக் கொடுக்க ஆசை வரும். அது சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். மருந்தகத்தில் கேட்காமல் வாங்காதீர்கள். நாட்டு வைத்தியர் தரும் பொடிக்கும் இதே விதி. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். இரவானாலும் மருத்துவமனைக்குப் போய் முகப்பிலேயே "கீமோ எடுப்பவர்" என்று சொல்ல வேண்டும்.

பெரிய ஹோமத்துக்குக் கடன் வாங்குவதைவிட, மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை முதலில் பாருங்கள். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) மருத்துவத்துக்கு எடுக்க முடியுமா, 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளியென்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பயணம் முடியாத நிலை வந்தால் பூசை வீட்டுக்கு வரலாம். ஆனால் ஆக்சிஜன் ஓடுகிற அறையில் சூடம், ஊதுபத்தி, குத்துவிளக்கு எதுவும் ஏற்றக் கூடாது. தீ பிடித்தால் மின்னலாய்ப் பரவும். தீபாராதனையை வாசலுக்கு வெளியே காட்டி, தட்டை முழுக்க அணைத்துவிட்டு, திருநீறை மட்டும் உள்ளே கொண்டுபோய் நெற்றியில் வையுங்கள். மூக்குக் குழாயின் பக்கம் தூள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.