இரண்டரை டெசிபல்

"கேட்ட மாதிரி இருந்தா அமுக்கலாமா, நல்லா கேட்டாத்தான் அமுக்கணுமா கண்ணு?"

கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் பெரியவர், காது சோதனைக்கு ஹெட்போனை மாட்டிப் பொத்தானைக் கையில் கொடுக்கும்போது கேட்டார். "லேசா கேட்ட மாதிரி இருந்தாலே அமுக்குங்க ஐயா" என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

அவரும் சொன்னபடியே அமுக்கினார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வருகிறவர்களில் சிலர் கேட்டும் கேளாததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். திரும்ப வைத்துப் பார்த்தால் அளவு மாறும், பிடித்துவிடலாம். இவருக்கு எத்தனை முறை வைத்தாலும் கேட்கத் தொடங்குவது அதே இடம்தான்: தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 1000-இல் 50, 2000-இல் 70, உச்சத்தில் 4000-இல் 75. எண் கூடக் கூடக் கேள்வி குறைவு. இரண்டு காதும் ஒன்றுபோல. சராசரி 57.5. சான்றிதழ் கிடைக்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது குறைந்திருக்க வேண்டும்.

தறிச் சத்தம் முதலில் தின்பது 4000 பக்கத்தைத்தான். கீழே 500 பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், சராசரியையும் கீழே இழுத்துவிடும். "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் வெளங்கல" என்று தறிக்காரர்கள் சொல்வது இதனால்தான். 'ச' மாதிரி ஒலிகளெல்லாம் மேலே இருக்கின்றன. சராசரிக்கு அது தெரியாது.

நாங்கள் 5 டெசிபல் படியாக அளக்கிறோம். ஒவ்வொரு காதிலும் இரண்டு இடத்தில் ஒரு படி ஏறியிருந்தால் 60. "நல்லா கேட்டா மட்டும் அமுக்குங்க" என்றிருந்தால் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அது பொய் சொல்வதாகாது. ஆனால் அவருக்கு ஒரு பேச்சு, அடுத்தவருக்கு ஒரு பேச்சு என்றால் நான் போடும் கிராஃபுக்கு என்ன மதிப்பு? சரி, மதிப்பு காப்பாற்றப்பட்டது. அவருக்கு அதனால் என்ன கிடைத்தது?

ரிப்போர்ட்டை விளக்கி, காது மெஷின் பற்றிச் சொல்லி, தறிக்குப் போகும்போது வைத்துக்கொள்ள ஒரு ஜோடி காது அடைப்பானும் கொடுத்தேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இத வெக்காம இன்னும் ரெண்டு வருசம் ஓட்டுனா அறுவது வந்துருமா கண்ணு?"

வராது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. "வெச்சுக்கங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.