ஒரு மெழுகு பிளாக்கும் 21 மரபணுக்களும்

என்னுடைய 56ஆம் வயதில் இடது மார்பிலிருந்து 1.8 சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி ஒன்றை அறுவை செய்து எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த நோய்க்கூறியல் அறிக்கையில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் புரதங்கள்) இரண்டும் உண்டு, புற்றை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்னும் புரதம் மிகுதியாக இல்லை, அக்குளில் எடுத்த நெறிகட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) எதிலும் நோய் இல்லை என்று இருந்தது. இவை எல்லாம் நல்ல செய்திகள். ஆனால் கட்டியின் தரம் 2 என்றும், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 அளவு 22 சதவீதம் என்றும் அதே தாளில் இருந்தது. இந்த இரண்டும் இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்பவை. கீமோ கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம் என்ற நிலையில் என்னைப் போன்ற பலர் வந்து நிற்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னபோது, முடிவு சொல்லாமல் விடுகிறாரே என்ற கலக்கம்தான் எனக்கு முதலில் வந்தது.

அவர் பிறகு விளக்கியது இன்றும் நினைவில் இருக்கிறது. "அம்மா, உங்கள் அடுக்களையில் எல்லாச் சாமானும் இருக்கும். இன்றைக்கு எந்த அடுப்பில் எது கொதிக்கிறது, எவ்வளவு கொதிக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே மரபணுக்கள்தாம் இருக்கின்றன. அவற்றுள் எவை எந்த அளவுக்கு வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். வேலை செய்யும் மரபணு தன் செய்தியை ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது. அந்த ஆர்என்ஏவை அளந்தால், நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கட்டிகளில் எது அடங்கிக் கிடக்கிறது, எது முனைப்பாகப் பெருகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் பிஆர்சிஏ மரபணுப் பழுதைத் தேடும் இரத்தப் பரிசோதனை இதிலிருந்து முற்றிலும் வேறானது. எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, என் மகளுக்கும் ஆபத்தா என்று கேட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்குப் பரிந்துரைக்கப்பட்டது ஆன்கோடைப் டிஎக்ஸ் என்னும் பரிசோதனை. 21 மரபணுக்களை அளக்கிறார்கள். அவற்றுள் 16 புற்றுநோயோடு தொடர்புள்ளவை, மீதி ஐந்தும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானவை. செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள மரபணுக்களுக்குக் கணக்கில் கூடுதல் எடை உண்டு. முடிவு 0 முதல் 100 வரை ஒரே எண்ணாக வரும்; எண் கூடக்கூட நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும். நெதர்லாந்தில் உருவான, 70 மரபணுக்களை அளக்கும் மம்மாபிரிண்ட் போன்ற வேறு பரிசோதனைகளும் இருக்கின்றன. எங்கள் மருத்துவமனையில் முன்னதையே அனுப்பிப் பழக்கம் என்பதால் அதையே தேர்ந்தோம். ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய் ஆயிற்று. இது சிகிச்சை அல்ல, பரிசோதனை என்று சொல்லிக் காப்பீட்டில் தர மறுத்துவிட்டார்கள். என் கணவர் வைப்புநிதி ஒன்றை முறித்துக் கட்டினார். அந்தத் தொகையைத் திரட்ட முடியாத பெண்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

பணத்தைவிட அதிகமாக எங்களை அலைக்கழித்தது பிளாக்தான். அறுத்தெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடத் தட்டையான ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். வெள்ளை மெழுகுக்கு நடுவே நகக்கண் அளவில் பழுப்பு நிறத் திட்டு. சட்டத்தின் சரிந்த ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். அவ்வளவுதான் அந்தப் பொருள். அறுவை நடந்த மருத்துவமனையில் முதலில் கண்ணாடி ஸ்லைடுகளை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். பிளாக் வேண்டும் என்று திரும்பப் போய்க் கேட்டதும் ஒன்றைத் தந்தார்கள். எங்கள் மருத்துவர் அதை அப்படியே அனுப்பாமல் வேறொரு நோய்க்கூறியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னார். அவர் அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு, இதில் பெரும்பகுதி கொழுப்பு, புற்றுத் திசு மிகக் குறைவு என்று சொல்லிவிட்டார். சரியான பிளாக்கின் எண் என் அறிக்கையிலேயே இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்தவர் அதை ஒப்பிடவில்லை. இதில் ஒன்பது நாள் போயிற்று. கீமோ கொடுப்பதானால் அறுவைக்குப் பின் அதிக நாள் தள்ளிப்போடக் கூடாது என்பதால் ஒவ்வொரு நாளும் எனக்குப் பாரமாக இருந்தது. பிளாக் வாங்கப் போகிறவர்கள் அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஓரத்தில் உள்ள எண்ணை அங்கேயே படித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிளாக் கலிஃபோர்னியாவில் ரெட்வுட் சிட்டியிலுள்ள ஆய்வகத்துக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து வந்த எண் 18.

அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 2018இல் வெளிவந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவை வைத்துத்தான் மருத்துவர் அதற்குப் பொருள் சொன்னார். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத, நெறிகட்டிக்குப் பரவாத நோயுள்ள 10,000க்கும் மேற்பட்ட பெண்களை அதில் சேர்த்து, 11 முதல் 25 வரை எண் வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஹார்மோன் மாத்திரை (ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுப்பது) மட்டும், மீதிப்பேருக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இரு பிரிவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு 25 வரை கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று தெளிவாயிற்று. அந்த ஆய்வில் இந்தியப் பெண்கள் இருந்தார்களா என்று கேட்டேன். அமெரிக்கா, கனடா, பெரு, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளில்தான் நடந்தது என்று மறைக்காமல் சொன்னார். உங்கள் வயது, கட்டியின் அளவு, நெறிகட்டி எல்லாம் இந்த எண்ணோடு ஒத்துப்போவதால்தான் துணிந்து கீமோ வேண்டாம் என்கிறேன், எண் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லவில்லை என்றார். அந்த நேர்மை எனக்குத் தெம்பாக இருந்தது.

கதிர்வீச்சுக்குக் காத்திருந்த கூடத்தில் 43 வயதுப் பெண் ஒருவர் அறிமுகமானார். அவருக்கும் நெறிகட்டியில் நோயில்லை, எண்ணும் அதே 18. ஆனால் மாதவிடாய் நிற்காத வயதில் 16 முதல் 25 வரை வந்தவர்களுக்குக் கீமோவால் சிறிதளவு பயன் இருந்ததாக அதே ஆய்வு காட்டியிருந்தது. அந்தப் பயனில் ஒரு பகுதி, கீமோவால் சினைப்பை வேலை நிறுத்துவதால் வருவதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எனவே அவருடைய மருத்துவர் சினைப்பையை அடக்கும் ஊசியோடு ஹார்மோன் மாத்திரை, அல்லது கீமோ என இரண்டு வழிகளையும் வைத்து, யோசித்துச் சொல்லச் சொல்லியிருந்தார். "அக்கா, உங்களுக்கு வேண்டாம் என்ற அதே எண் எனக்கு ஏன் போதவில்லை?" என்று அவர் கேட்டபோது, எனக்குச் சொல்லப்பட்டதை என்னால் இயன்றவரை எடுத்துச் சொன்னேன். அவர் ஊசியைத் தேர்ந்துகொண்டார்.

எனக்கு மூன்று வாரத்தில் 15 முறை கதிர்வீச்சு முடிந்தது. இப்போது லெட்ரோசோல் என்னும் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டு நடக்கிறது. காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. வெந்நீரில் சற்று நேரம் கையை வைத்தால் இளகிவிடுகிறது. எலும்பின் அடர்த்தியை ஆண்டுக்கொரு முறை பார்க்கிறார்கள். பிளாக் திரும்பி வந்து மருத்துவமனை அலமாரிக்கே போய்விட்டது. ஒப்படைக்கும் முன் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆய்வுக்குச் சீவி எடுத்ததால் ஒரு பக்கம் மெலிந்திருந்தது, பென்சில் எண் மட்டும் அழியாமல் இருந்தது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கி வந்தேன்.