ஹெல்மெட் முட்டிய கணக்கு

முதல் நாள் மாலை விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், மனைவி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் எண்ணைச் சொன்னார்: 31. காலையில் புறப்பட்டதிலிருந்து அவருடைய ஹெல்மெட்டின் நெற்றிப்பகுதி என்னுடைய ஹெல்மெட்டின் பின்புறத்தில் எத்தனை முறை முட்டியது என்ற கணக்கு அது. 280 கிலோமீட்டருக்கு 31 முட்டல்கள். ஐந்தோ ஆறோ இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முட்டியது எனக்கும் கேட்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டுகிறவனுக்கு அது வெறும் சத்தம், பின்னால் இருப்பவருக்கோ கழுத்துவலி.

இருவரும் ஒரே வண்டியில் சென்ற இரண்டாவது நெடும்பயணம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்ற முதல் பயணம் ஐந்து நாட்களுக்கென்று திட்டமிடப்பட்டு, மூன்றாம் நாள் மதியமே ஒரு பேருந்து நிலையத்தில் முடிந்துபோனது. மனைவி பேருந்தில் ஏறிக்கொண்டார். நான் அவருடைய ஹெல்மெட்டைக் காலியான பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு தனியாக வீடு திரும்பினேன். சண்டையெல்லாம் எதுவும் இல்லை. "நீங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டு வர்றீங்க. நான் மூணு நாளா உங்க ஹெல்மெட்டோட பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார். பத்து ஆண்டுகளாகத் தனியாகவே நெடுந்தூரம் ஓட்டிப் பழகியிருந்த எனக்கு, பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் எடை கூடும் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அந்த எடையைக்கூட நான் சரியாகக் கூட்டிப் பார்த்ததில்லை.

எனவே இந்த முறை எடையிலிருந்தே தொடங்கினேன். எங்கள் வண்டி எரிபொருளோடு சேர்த்து 240 கிலோ. ஆட்களும் சாமான்களுமாக அது சுமக்கக்கூடியது 200 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. தாராளம்தான் என்று தோன்றும். நான் 78, மனைவி 60. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை என்று ஆளுக்கு 7 கிலோ. இரண்டு பக்கப் பெட்டிகளும் பின்னால் உள்ள டாப் பாக்ஸும் காலியாகவே 14 கிலோ. ஒரு சட்டைகூட எடுத்து வைப்பதற்கு முன்பே 166 ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் 34 கிலோவில் துணிமணி, மழைக்கோட்டு, பஞ்சர் கருவிகள், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். முதல் பயணத்தில் கூடாரமும் சமையல் அடுப்பும் கொண்டு போயிருந்தோம். கனமானவற்றையெல்லாம் எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று டாப் பாக்ஸிலேயே திணித்திருந்தேன். பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், அதுவும் உயரத்தில், அவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் முன்சக்கரம் தரையில் அழுந்தாமல் லேசாகிவிடும். வேகம் கூடும்போது ஹேண்டில்பார் மெல்ல ஆடத் தொடங்கும். டாப் பாக்ஸின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எடை வரம்பு அச்சிடப்பட்டிருப்பதையே நான் இந்த முறைதான் படித்தேன். இப்போது அதில் இருப்பவை இரண்டு மழைக்கோட்டுகளும் மனைவியின் கையடக்கப் பையும்தான். கனமானவை எல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில், எங்கள் இருவருக்கும் நெருக்கமாக, முடிந்தவரை தாழ்வாகப் போய்விட்டன.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள் இரவில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்து எரித்தன. நான் லோ பீமில்தானே வருகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன். தவறு என் பின்பக்க ஷாக் அப்சார்பரில் இருந்தது. அதன் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு, நான் ஒருவன் மட்டும் ஓட்டுவதற்கான நிலையிலேயே இருந்தது. இருவரும் சாமானும் ஏறியதும் வண்டியின் வால் அமிழ்ந்து மூக்கு தூக்கிக்கொண்டு, லோ பீமும் எதிரே வருபவரின் கண்ணுக்கே போயிருக்கிறது. விளக்கு மட்டுமல்ல, வால் அமிழ்ந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடி, வளைவுகளில் வண்டி நாம் சொன்ன கோட்டில் திரும்பாமல் வெளிப்பக்கமாகவே நழுவப் பார்க்கும். அந்த முறை ஒவ்வொரு வளைவிலும் நான் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டியதற்கும், அந்த மல்லுக்கட்டு பின்னால் இருந்தவருக்கு அச்சமாகப் போய்ச் சேர்ந்ததற்கும் காரணம் ஒரு குமிழைத் திருகாமல் விட்டதுதான். பொதுவாக, இருவரும் முழு உடுப்போடு ஏறி உட்காரும்போது பின்பக்க சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவுத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்தால் போதும் என்பார்கள். நண்பர் ஒருவர் டேப் பிடிக்க, நாங்கள் நடிகர்கள் போல உடுப்பணிந்து நின்ற வண்டியில் ஏறி இறங்கி அதை அளந்தோம். டயர் காற்றையும் கையேட்டில் இருவருக்கென்று தந்திருக்கும் அளவுக்கு ஏற்றினேன். பின்டயருக்கு 42 பிஎஸ்ஐ. செயினையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலே எழும்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), ஸ்விங்ஆர்மின் மூட்டு, பின்அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். தனியாள் ஓட்டத்தில் அந்த இடத்தை எப்போதாவது தொடுகிற செயின், இருவர் எடையில் ஓயாமல் தொடும்.

இவையெல்லாம் ஸ்பானர் பிடித்துத் தீர்க்கக்கூடிய குறைகள். தீராத குறை என் வலது கையில் இருந்தது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர், டேப் பிடித்த அதே நண்பர். என்னைவிட அதிக அனுபவம் உள்ளவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பின்னால் ஏறச் சொல்லி, என் வண்டியையே 40 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னிருக்கையில் நான் கடைசியாக உட்கார்ந்தது பள்ளி நாட்களிலாக இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, அது வேறு ஒரு வாகனம். உயரம் கூடுதல், முழங்கால்கள் நான் எண்ணியதைவிட அதிகமாக மடங்கியிருந்தன, முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் பட்டுச் சிதறிய காற்று என் ஹெல்மெட்டை இரு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தது. இவை அனைத்தையும்விடப் பெரியது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பது. ஓட்டுகிறவனுடைய விரல் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அவன் உடம்பு அந்த வேகக்குறைப்புக்குத் தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்குச் செய்தி வருவது, தலை முன்னால் போன பிறகுதான். நண்பர் வேண்டுமென்றே பத்து கிலோமீட்டர் என்னைப் போலவே ஓட்டிக் காட்டினார்: கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மூடுவது, பிரேக்கைக் கடைசி நேரத்தில் பிடிப்பது, வளைவு முடிந்ததும் முறுக்குவது. இறங்கியபோது என் கை விரல்கள் கைப்பிடிக் கம்பியின் வடிவத்திலேயே மடங்கி நின்றன. மூன்று நாள் அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தவர் பேருந்தில் ஏறியதில் வியப்பில்லை.

இவ்வளவு படித்தும் முதல் நாளிலேயே 31 முட்டல்கள் என்றால், தெரிவது வேறு, கைக்கு வருவது வேறு. ஆனாலும் அந்த எண் பெரிய உதவியாக அமைந்தது, ஏனென்றால் முட்டல்கள் எங்கே நேர்ந்தன என்பதையும் மனைவி நினைவில் வைத்திருந்தார்: பெரும்பாலும் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு ஏறும்போதும், வேகத்தடைகளுக்கு முன்னாலும். மறுநாள் முதல் கியரை இன்னும் குறைந்த ஆர்பிஎம்மில் மாற்றினேன். கிளட்ச் பிடிக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மூடாமல் சற்றே தளர்த்தியதோடு நிறுத்தினேன். கீழ்க்கியருக்கு இறங்கும்போது, கிளட்சை விடுமுன் எஞ்சினை ஒரு துளி முடுக்கி சக்கரத்தின் வேகத்தோடு பொருத்தினேன்.

பிரேக் பிடிப்பதில்தான் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது. தனியாக ஓட்டும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் எடை முழுவதும் முன்னால் பாய்ந்து பின்சக்கரம் ஏறக்குறைய சும்மா உருளும். அதனால் பின்பிரேக்கை நான் அலட்சியம் செய்தே பழகியிருந்தேன். பின்னால் ஓர் ஆளும் பெட்டிகளும் இருக்கும்போது அந்தச் சக்கரத்தின் மேல் எடை நிற்கிறது, பின்பிரேக்குக்கு வேலை கிடைக்கிறது. முதலில் அதை மெதுவாக மிதித்து வண்டியைச் சற்று அமரச் செய்து, அதன் பிறகு முன்பிரேக்கைப் படிப்படியாக இறுக்கினால், பின்னால் இருப்பவருக்குத் தயாராக ஒரு நொடி கிடைக்கிறது. அந்த நொடியில் மனைவி ஒரு கையை என் இடுப்புக்குப் பக்கமாக நீட்டி டேங்கில் ஊன்றிக்கொள்வார். இன்னொரு கை பின்கம்பியில் இருக்கும். முன்பெல்லாம் அவருடைய எடை என் முதுகில் சாய்ந்து, அங்கிருந்து என் மணிக்கட்டுகளுக்கு இறங்கி, நான் ஹேண்டில்பாரை விறைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. டேங்கில் ஊன்றிய அந்த ஒரு கை என் இரண்டு கைகளையும் விடுவித்தது.

மூன்றாம் நாள் ஒரு பெட்ரோல் பங்கில் கிட்டத்தட்ட விழுந்தோம். நான் பணம் கொடுத்து மீதியை வாங்கிப் பைக்குள் வைப்பதற்காக ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்திருந்தேன். தரை லேசான சரிவு. நான் தயார் என்று நினைத்து மனைவி இடது ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து ஏறினார். 60 கிலோ ஒரே பக்கத்தில், அதுவும் ஒரு முழ நீளத் தள்ளலில். வண்டி இடப்பக்கம் சாய, என் இடது தொடை நடுங்க, ஒரு கணம் 400 கிலோவுக்கு மேல் எதன் மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை. பங்கில் வேலை செய்த இளைஞர் ஓடிவந்து பெட்டியைத் தாங்கிப் பிடித்திராவிட்டால் கிடந்திருப்போம். அன்றிலிருந்து ஒரு சட்டம்: இரண்டு கால்களும் தரையில், முன்பிரேக் பிடித்திருக்க, நான் "சரி" என்று சொன்ன பிறகே ஏறுவது, ஏறி உட்கார்ந்து முடித்ததும் அவர் என் தோளில் இருமுறை தட்டுவது, தட்டு வராமல் கிளட்சை விடுவதில்லை. இறங்குவதற்கும் அதேதான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே இருவரும் பேசிக்கொள்ள இண்டர்காம் இருக்கும்போது தட்டுவது எதற்கு என்று கேட்கலாம். இண்டர்காமின் பேட்டரி சரியாக எப்போது தீரும் என்பதை நாங்கள் அந்தப் பயணத்திலேயே பார்த்துவிட்டோம்.

ஆனால் இண்டர்காம் இல்லாமல் இந்தப் பயணம் இந்த அளவுக்கு அமைந்திருக்காது. அரட்டைக்காகச் சொல்லவில்லை. "முன்னால் லாரி, தாண்டப் போறேன்" என்று இரண்டு சொல் போதும். முறுக்கும்போது அவர் ஏற்கெனவே முன்னால் சாய்ந்து தயாராக இருப்பார். அவரிடமிருந்து வரும் பேச்சு இன்னும் பயனுள்ளது. நான்காம் நாள் மதியம், நேரான சாலையில், பேச்சு நின்றது. கேட்டதற்குப் பதில் இல்லை. ஹெல்மெட் என் முதுகில் மெதுவாக வந்து சாய்ந்து தங்கியது. அது பாசம் அல்ல, தூக்கம். உடனே ஓரங்கட்டினேன். வெயிலும் ஒரே சீரான இரைச்சலும் பின்னால் இருப்பவரைத் தூங்கவைத்துவிடும், ஏனென்றால் அவருக்குச் செய்ய வேலை இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுகிறது; அதனால் இருவரும் காதடைப்பான் போட்டுக்கொண்டோம், இண்டர்காமின் குரல் அதற்குள்ளும் தெளிவாகவே கேட்கிறது. அன்று முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை என்றும், நிறுத்தும் இடத்தைப் பின்னிருக்கையே முடிவு செய்யும் என்றும் ஏற்பாடு. நாளுக்கு 450 கிலோமீட்டர் என்றிருந்த என் கணக்கை அத்தோடு கைவிட்டேன்.

பின்னிருக்கையின் அருமை வண்டி செய்பவர்களுக்கே மெதுவாகத்தான் புரிந்தது போலும். நெடும்பயண வண்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் ஹோண்டா கோல்ட் விங் 1975இல் வந்தபோது காற்றுத் தடுப்பும் இல்லை, பெட்டிகளும் இல்லை. வாங்கியவர்களே வெளியே பொருத்திக்கொண்டார்கள். தொழிற்சாலையிலிருந்தே அவை பொருத்தப்பட்டு வந்தது 1980இல். எங்கள் வண்டி அந்த ரகத்தைச் சேர்ந்தது அல்ல. டாப் பாக்ஸின் முகப்பில் ஒட்டிய ஒரு மெத்தைப் பட்டைதான் மனைவியின் முதுகுக்குச் சாய்மானம். ஆனால் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நிம்மதிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் நாள் மலை. ஏறும்போது கவலை இல்லை. இறங்கும்போது, இத்தனை எடையைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அந்தச் சூடு பிரேக் எண்ணெய் வரை போகும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழையதான பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் லீவர் பஞ்சு போலக் கைக்குள் வந்துவிடும். புறப்படுமுன் எண்ணெயை மாற்றியிருந்தேன். ஆனாலும் இரண்டாம் கியரிலேயே எஞ்சினைப் பிடிமானமாக வைத்து இறங்கினோம். வலது வளைவில் என் வலது தோளுக்கு மேலாகவும், இடது வளைவில் இடது தோளுக்கு மேலாகவும் பார்க்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். அப்படிப் பார்த்தாலே உடல் தானாக வண்டியோடு சாய்ந்துவிடும், தனியாகச் சாய வேண்டியதில்லை. எங்கள் இருவரின் எடையும் சேர்ந்து ஒரே பொருளாக வளைவுக்குள் இறங்குவதை நான் உணர்ந்தது அந்த இறக்கத்தில்தான். நடுவே ஒரு வளைவில், எனக்கு முன்பே, "கீழே ஏரி" என்றார். என் ஹெல்மெட்டைத் தாண்டி அவருக்குச் சாலை தெரியத் தொடங்கியிருந்தது.

ஆறாம் நாள் மாலை வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, தோளில் தட்டு வரும்வரை காத்திருந்து, கணக்கைக் கேட்டேன். நான்கு என்றார். ஒன்று நாய் குறுக்கே ஓடியதால், அது உங்கள் கணக்கில் சேராது என்று அவரே கழித்துவிட்டார். இன்னொன்று அவர் தும்மியதால். மிச்சம் இரண்டில் ஒன்றை நான் ஒப்புக்கொண்டேன். மற்றதைப் பற்றிப் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.