நாற்பது நிமிஷ மகஜர்

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கலால் கேஸ் கட்டு வந்தால் முதலில் நான் எடுப்பது நோட்டீஸை இல்லை, மகஜரை; அதாவது சரக்கைப் பிடிக்கும்போது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவை.

போன மாசம் முக்கூடல் பக்கத்துப் பீடி வியாபாரி ஒருவர் வந்தார். வரி கட்டாத சரக்கு என்று 62 பெட்டியைப் பிடித்திருந்தார்கள். மகஜர் தொடங்கியது மாலை 4 மணி, முடிந்தது 4.40. அதற்குள் கட்டுக்கு 25 பீடி வீதம் எண்ணி, சீலும் வைத்துவிட்டார்களாம்! எங்க ஆச்சி தாமிரபரணியில் முங்கி எழவே அவ்வளவு நேரம் ஆகும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

மற்றபடி கேஸ் முழுக்க லாரி டிரைவரின் வாக்குமூலத்தில்தான் நிற்கிறது. 1944ஆம் வருஷ மத்திய கலால் சட்டத்தில் 9டி பிரிவு இருக்கிறது. ஆள் இறந்துவிட்டார், கண்டுபிடிக்க முடியவில்லை என்பது போன்ற காரணம் இல்லையென்றால், வாக்குமூலம் கொடுத்தவர் விசாரணையில் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் எடுத்த கணக்குத் தாளென்றால் அதே சட்டத்தின் 36பி பிரிவு. அதற்குச் சான்று வேண்டும். இந்தக் கேஸ் கட்டில் அந்தச் சான்று இல்லை.

சரி, குறுக்கு விசாரணை கேட்டு மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வியாபாரி அண்ணாச்சிக்கு அதிலெல்லாம் மனசு இல்லை.

"தம்பி, மழை வருது. பெட்டியை எங்க அடுக்கியிருக்காங்கன்னு கேட்டியா? பீடி நமுத்துப் போகும்லா."