வாசல் பூவரசும் எட்டு மாத அலைச்சலும்

அத்தை விழுந்தது மாசி மாதம். எங்கள் வாசலுக்கு எதிரே தெருவோரம் நிற்கும் பூவரசின் வேர், சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்ட் சிலாப்பை ஒரு சாண் உயரம் தூக்கிவிட்டிருந்தது. இருட்டில் கால் இடறி, மணிக்கட்டு முறிந்தது. சிலாப் நேரானது ஐப்பசியில், போன வாரம்தான்.

நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனுவில், "மாமனார் நட்ட மரம், வெட்டாமல் சரிசெய்து தாருங்கள்" என்று எழுதியிருந்தேன். பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தர் அந்த வரியை மட்டும் பேனாவால் வட்டமிட்டார். "உங்கள் வீட்டார் நட்டதென்றால் உங்கள் பொறுப்புதானேம்மா? ஆள் வைத்து வெட்டிவிடுங்கள். சிலாப்பையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்." எழுத்தில் தரச் சொன்னேன். முடியாது என்றார்.

அந்த வாய்ச்சொல்லை நம்பி அரிவாளை எடுக்காதீர்கள். யார் கை நட்டிருந்தாலும் தெருவில் நிற்பது அரசாங்கத்துக்குச் சொந்தமான மரம். அதை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை அனுமதி போக வேண்டும். நாளை கேள்வி வந்தால் "வெட்டுங்கள்" என்றவர் சாட்சி சொல்ல வரமாட்டார்.

நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம், நிலம் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடு இரண்டையும் இணையத்திலேயே எடுத்தேன். நாடா பிடித்துப் பார்த்தால் மரம் எங்கள் எல்லைக்கு நான்கு அடி வெளியே. கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க மூன்று நடை. புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு. எங்களுக்கு அது இல்லை என்பதை அவர் கணக்கைப் பார்த்து உறுதிசெய்தார்.

சித்திரையில் ஒரு திங்கள்கிழமை, பஸ் ஏறி ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி அதே எழுத்தரின் மேசைக்கே வந்தது. ஆனியில் பதில்: "மனுதாரர் வீட்டு மரம் என்பதால் மனு முடிக்கப்பட்டது." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பிப் போட்டது 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்விகள்: இந்தத் தெருவும் வடிகாலும் யாருக்குச் சொந்தம்? பராமரிப்பது யார்? "ஏன்" என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். முப்பது நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது. இரண்டுக்கும் "பேரூராட்சி" என்று, முத்திரையுடன்!

அதையும் அத்தையின் எக்ஸ்ரேயையும் பேரூராட்சிச் செயல் அலுவலர் முன் வைத்தேன். வடிகால் அடைத்திருப்பதையும் சொன்னேன். 2024 நவம்பரில் பாம்பனில் ஒரே நாளில் 28 செ.மீ. கொட்டியபோது எங்கள் தெருத் தண்ணீர் திண்ணை ஏறியது. மறுநாளே அவர் நேரில் வந்து பார்த்தார்.

வேலை இரண்டு நாள். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். தெருப்பக்க வேர் முழுவதையும் அறுக்கக் கோடரியோடு வந்தார்கள். அப்படி அறுத்தால் கார்த்திகைக் காற்றுக்கு மரம் வீட்டின் மேல்தான் சாயும். சிலாப்பைத் தூக்கிய இரண்டு பக்க வேர்களை மட்டும் எடுக்க வைத்தேன். தூரை ஒட்டிச் சிமெண்ட் பூசப் போனபோது, அத்தை நாற்காலியைத் தூக்கிவந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் ஒரு முழம் மண் விட்ட பிறகுதான் எழுந்தார்.