நாலு வருடம் கழித்துத் தெரியும் வேலை

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் மாங்கன்று நர்சரிகளுக்குப் பஞ்சமில்லை. என் மாமா வீடு அங்கேதான். ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, லீவு நாளில் அவரிடம் போய் ஒட்டுக் கட்டப் பழகினேன். எங்கள் கொல்லையில் நின்ற பெங்களூரா மரத்தின் ஒரு கிளையில் மல்கோவா, இன்னொன்றில் இமாம் பசந்த் என்று ஏற்றிப் பார்ப்பதில் அத்தனை ஆசை எனக்கு. ஒன்று பட்டுப்போனாலும் கேட்க ஆளில்லை.

வேலை கத்தி எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாம்பழக் கூழ் ஆலையில் கழிக்கும் கொட்டையைச் சீக்கிரமே வாங்கி ஊன்றிவிட வேண்டும். காய்ந்த கொட்டை முளைக்காது. எந்த மரத்தில் குச்சி எடுக்கிறோமோ, அதில் ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு புடைக்கும். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் 4, 5 சென்டிமீட்டருக்கு ஆப்பு மாதிரி சீவி, தலை வெட்டிய நாற்றின் நடுவில் பிளந்து இறக்குவோம். இரண்டும் ஒரே பருமனாக அமையாவிட்டால் ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் நேராகச் சேர வேண்டும், உயிர் பிடிப்பது அந்த இடத்தில்தான். பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, ஈரம் போகாமல் மேலே பாக்கெட் ஐஸ் கவரை மாட்டிவிடுவோம். ஆடி, ஆவணியின் ஈரக்காற்று இதற்கு நல்ல துணை. மூன்று வாரம் போனால் செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஒட்டுக் கன்றுகளை விற்றுக் காசு வாங்கத் தொடங்கியதும் தூக்கத்தைக் கெடுத்தது கன்றில் கட்டும் பெயர்ச்சீட்டுதான். நம் ஊர் ரகங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைத்தால் தாயைப் போலக் காய்க்காது. அதற்காகத்தானே ஒட்டே கட்டுகிறோம். ஆனால் பைக்குள் நிற்கும் சின்னக் கன்று செந்தூராவா நீலமா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. காய்க்க மூன்று நாலு வருடம் ஆகும். பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரம். அத்தனைக்கும் தண்ணீர் விட்டு, ஆடு கடிக்காமல் காத்து, கடைசியில் வேறு பழம் காய்த்தால் அந்தக் குடும்பம் இழந்த வருடங்களை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? "செந்தூராதானுங்களே?" என்று ஒருவர் கேட்டுவிட்டு, என் பதிலை நம்பிப் பணத்தை எடுக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு ஒருமுறை இறுகும்.

அதனால் பழம் தொங்கும்போது நேரில் பார்த்து, அறுத்துத் தின்று பார்த்த மரத்தில் மட்டும்தான் குச்சி எடுக்கிறேன். எந்தத் தோட்டம், எந்த மரம், எந்த வரிசைக் கன்று என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். இதற்கு அலைச்சல் உண்டு, மரக்காரருக்குப் பணமும் தர வேண்டும். பக்கத்து நர்சரியை விடக் கன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறேன். பேரம் பேசுகிறவர்களிடம் நோட்டைக் காட்டுவேன். சிலர் அப்படியும் போய்விடுவார்கள், பரவாயில்லை.

விற்பதில் பெரும்பங்கு பெங்களூராதான். கூழ் ஆலைக்குப் போகிற பழம் அது, விவசாயி அதைத்தான் கேட்பார். என் மனசு இமாம் பசந்தில் இருக்கிறது என்பதற்காக அவர் தலையில் அதைக் கட்ட முடியாது. குறைந்த இடம் உள்ளவர்களுக்கு, நீலத்திலிருந்து தேர்வு செய்த பையூர் 1 ரகத்தைச் சொல்கிறேன். மரம் குட்டையாக நிற்கும்.

ஓசூர் வேலையை உடனே விடவில்லை. கன்று விற்பனை மழைக்காலத்தில்தான் சூடு பிடிக்கும், மற்ற மாதங்களில் வீட்டுச் செலவுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. ஆசைப்பட்ட வேலையில் இறங்குகிறவர்கள் இதை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டே இறங்க வேண்டும் என்பேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் நான் குச்சி எடுக்கும் இமாம் பசந்த் மரத்தோப்பை மனை போடப் போகிறார்களாம். போன ஆடியில் அதிலிருந்து கட்டிய கன்றுகளில் நல்லதாகப் பார்த்து ஒதுக்கிவிட்டேன், கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. எங்கள் நிலத்தில் குழி எடுத்துத் தொழுவுரம் போட்டாயிற்று. இனி தாய் மரம் நம்முடையதாகவே இருக்கட்டும் என்றார் மாமா. மழை விழுந்ததும் நடுகிறோம்.