லேப் சீரமைப்பு நாட்குறிப்பு

2024 மே 6

இரண்டாம் மாடி வேதியியல் லேபை இன்று ஒருவழியாகக் காலி செய்ய ஆரம்பித்தோம். பி.எஸ்சி. பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்யக் கட்டிய அறை, வாயு தயாரிக்கும் கிப் உபகரணம் வைத்திருந்த மூலையில் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் இன்னும் சுவரில் ஊறிக் கிடக்கிறது. இனி இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் எட்டுப் பேர் வேலை செய்ய வேண்டும், அகச்சிவப்புக் கதிரால் சேர்மங்களை அடையாளம் காணும் எஃப்டிஐஆர் கருவியும் வருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது கருவிப் பட்டியலையே பக்கம் பக்கமாக நிரப்பினோம். கட்டமைப்புக்கும் அதில் கேட்டிருக்கலாம், ஒயரிங் என்ற சொல்லே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் தப்புதான்.

மே 9

கை நடுக்கம் இப்போதுதான் நின்றது. அலமாரியின் பின்வரிசையில் பிக்ரிக் அமில பாட்டில் ஒன்று. தண்ணீரில் ஊறியபடியே இருக்க வேண்டிய பொருள், காய்ந்தால் வெடிமருந்து. முதல் உலகப்போரில் குண்டுகளுக்குள் இதை அடைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டில் காய்ந்து, மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் பூத்திருந்தது. மூடியைத் திருகும் உராய்வே போதும். அட்டெண்டர் அண்ணன் துணியோடு கிட்டே போய்விட்டார். "அண்ணே, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே இயற்பியல் துறைக்காரர்களே ஓடி வந்தார்கள். அறையைப் பூட்டி, போலீசுக்குச் சொல்லி, வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுத்துப் போக மாலையாகிவிட்டது. இருப்புப் பதிவேட்டில் அந்த பாட்டில் 'நல்ல நிலையில்' இருக்கிறது!

மே 21

கருவி நிறுவனத்து இன்ஜினியர் வந்தார். வேறு எதையும் பார்க்கவில்லை, நேரே பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 11 வோல்ட். "ரெண்டு வோல்ட்டுக்கு மேல இருந்தா பெட்டியையே பிரிக்க மாட்டேன் சார்" என்றார். சரி, எர்த்தைச் சீராக்கப் பின்பக்கம் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். லட்சக்கணக்கில் கருவி, அதைக் காப்பாற்றுவது நாலு மூட்டை கரி.

ஜூன் 12

நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் புது ஃப்யூம் ஹூட் இரண்டையும் ஓட்டினோம். வாய்ப்பக்கம் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் போகிறது, இரண்டையும் போட்டால் இரண்டுமே படுத்துவிடுகின்றன. மோட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு மாணவி வெளியே போகக் கதவை வெளிப்பக்கம் தள்ளினாள், திறக்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. ஏசிக்காக ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டோம், ஹூட் உறிஞ்சுவதற்கு அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்? வெளிக்காற்றை உள்ளே தள்ளத் தனி ஃபேன் வேண்டும். அது மதிப்பீட்டில் இல்லை.

ஜூன் 19

ஃபேனுக்குக் கோப்பு நகர்ந்திருக்கிறது. எஃப்டிஐஆர் இன்று வந்து இறங்கியது, ஆனால் பிரிக்கவில்லை. உள்ளே இருக்கும் பொட்டாசியம் புரோமைடு பாகங்கள் ஈரக்காற்று பட்டால் மங்கிவிடும், அறையில் ஏசி இன்னும் மாட்டியாகவில்லை. அதுவரை துறைத்தலைவர் அறைதான் அதற்கு வீடு. அவர் பெட்டி மேல் டீ கிளாஸ் வைக்காமல் இருக்க அட்டெண்டர் அண்ணன் காவல்.